மலைவீட்டு ஜன்னலுக்கு பிளைண்டும் சாரல் மறைப்பும்: தேர்ந்தெடுப்பதிலிருந்து மாட்டி முடிப்பது வரை

குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மொத்தம் 11 ஜன்னல்கள். குடிவந்த வருடமே எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் ரோலர் பிளைண்ட் (குழாயில் சுருட்டி ஏற்றும் துணித் திரை) போட்டுவிடலாம் என்று மலையிறங்கி, கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வெயில் எந்தப் பக்கம் சார் அடிக்குது?" எல்லாப் பக்கமும்தான் என்றேன். வெளிச்சத்தை முழுக்க மறைக்கும் நல்ல கனமான பிளாக்அவுட் துணியாக எடுத்துக் காட்டினார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

கீழே இருப்பவர்களுக்கு ஜன்னல் என்றாலே வெயில்தான் தொல்லை. இங்கே ஜனவரி காலையில் அந்த வெயில் விழும் இடத்தைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். மலைவீட்டு ஜன்னலில் வெளியே தடுக்க வேண்டியது சாரலை, உள்ளே தடுக்க வேண்டியது இரவுக் குளிரை. வெயிலைப் பெரும்பாலும் வரவிட வேண்டும். இது தெரியாமல் வாங்கிய 11 பிளைண்டில் 4, இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கரும்புள்ளி பூத்துக் குப்பைக்குப் போயின. மிச்சத்தை வைத்துக் கற்றுக்கொண்டதுதான் இது.

டேப்பை எடுப்பதற்கு முன்னால்

ஒரு தாளில் வீட்டைத் தோராயமாக வரைந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மாதம் நனைகிறது, விடியற்காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கிறதா, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா.

நனையும் திசை ஊருக்கு ஊர் மாறும். நீலகிரியில் கூடலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி பக்கமெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான் ஆட்டிவைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அங்கே மேற்கு, தென்மேற்கு ஜன்னல்களை முதலில் கவனிக்க வேண்டும். 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா குறுக்கே நிற்பதால் கோத்தகிரிக்கும் எங்களுக்கும் அந்த மழை அடங்கித்தான் வருகிறது. எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருவதுதான் உண்மையான மழை. கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பரில்தான் பலத்த மழை.

ஆனால் பருவக்காற்றின் திசையை மட்டும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் அது காற்றைத் திருப்பிவிடும். வெளிச்சுவரைப் பாருங்கள். எந்தப் பக்கம் பாசி பிடித்து, பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாரல் அடிக்கிறது. எங்கள் வீட்டில் அது வடக்குச் சுவர். நான் கிழக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வெயில். நாம் இருப்பது சுமார் 11.4 டிகிரி வட அட்சரேகை. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நான்காவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து, நண்பகலில் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அதாவது, தெற்கு ஜன்னலுக்கு மேல் ஒரு அடி நீட்டிய மறைப்பு, டிசம்பர் நண்பகலில் கிட்டத்தட்ட ஒன்றரை அடிக்கு நிழல் போடும். 4 அடி உயர ஜன்னலுக்கு 2 அடி மறைப்பு வைத்தால் உங்கள் குளிர்கால வெயிலில் முக்கால் பங்கு போய்விட்டது. தெற்கு ஜன்னலில் மழை அடிக்கவில்லை என்றால் மறைப்பே வேண்டாம். அடித்தால் ஒரு அடிக்கு மேல் நீட்டாதீர்கள்.

மேற்கு ஜன்னல் நேர்மாறு. மார்ச்சில் பிற்பகல் 3.30 வாக்கில் சூரியன் 45 டிகிரியில் இருக்கும். அப்போது 2 அடி மறைப்பு 2 அடிக்கு நிழல் தரும். 4.30-க்கு 30 டிகிரிக்கு இறங்கிவிடும், அதே மறைப்பின் நிழல் ஒரு அடி சொச்சம்தான். மேற்கு வெயிலை மேலே நீட்டிய எதுவும் தடுக்காது. அங்கே பிளைண்டுக்குத்தான் வேலை. குளிர் ஊரில் எதற்கு என்று கேட்கலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். தோலுக்குச் சூடு தெரியாது, சோபா துணி மட்டும் வெளுத்துக்கொண்டே போகும்.

வெளியே எந்த மறைப்பு

கடையில் இதை ஆனிங் என்பார்கள், வெல்டிங் பட்டறையில் ஷேடு என்றால்தான் புரியும். எதுவாக இருந்தாலும் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பெரிய மழைத்துளி நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் விழும். காற்று கொஞ்சம் அடித்தாலும் அது பெரிதாகச் சாயாது. நம் ஊர்த் தூறலில் வரும் அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு 2 மீட்டர்தான் இறங்கும். மணிக்கு 7 கிலோமீட்டர் காற்று, அதாவது துணிக்கொடியில் சட்டை மெல்ல ஆடும் அளவுக்கு அடித்தாலே அந்தத் துளி 45 டிகிரி சாய்ந்துவிடும். 20 கிலோமீட்டர் காற்றில் 70 டிகிரி படுத்துக்கொண்டு, ஏறக்குறைய கிடைமட்டமாக ஜன்னலுக்குள் வரும். அதனால் மறைப்பு போட்டால் மழையில் ஜன்னலை முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறைப்பின் உண்மையான வேலை வேறு. சுவரில் வழியும் தண்ணீர் நிலையின் மேல்கட்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்வது, மரத்தை ஊறவிடாமல் காப்பது, நேர்மழையில் கொஞ்சம் காற்றுக்குத் திறந்து வைக்க உதவுவது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி. ஊறி உப்பிய மரக்கதவைத் தோள் கொடுத்துச் சாத்தியவர்களுக்குத் தெரியும்.

சாரலையும் ஓரளவு தடுக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் முக்கோணமாகக் காது வைத்து அடைக்க வேண்டும். பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் தகரக் குல்லா மாதிரி ஒன்று இருக்கும், பக்கவாட்டில் மரப்பலகை, விளிம்பில் பூவேலை. அலங்காரம் என்று நினைத்துப் புதிதாகக் கட்டுபவர்கள் பக்கப் பலகையை விட்டுவிட்டு மேலே மட்டும் ஒரு ஷீட்டை நீட்டுகிறார்கள். பாதி வேலையை அந்தப் பலகைதான் செய்துகொண்டிருந்தது.

அளவு: தெற்கைத் தவிர, சாரல் அடிக்கும் 4 அடி உயர ஜன்னலுக்கு 2 முதல் 2½ அடி நீட்டம் போதும். ஜன்னல் அகலத்தைவிடப் பக்கத்துக்கு அரை அடி கூடுதலாக இருக்கட்டும். வாட்டம் முக்கியம். ஒரு அடி நீட்டத்துக்குக் குறைந்தது 3 இன்ச் இறக்கம் வையுங்கள். துணியாக இருந்தால் இன்னும் கொஞ்சம். வாட்டம் குறைந்த துணியில் தண்ணீர் தேங்கி, தொப்பை போட்டு, ஒரு நாள் கிழியும்.

பொருளில் மூன்று வழி உண்டு.

துணி ஆனிங் பார்க்க அழகு. வாங்கினால் நூலிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணியாக வாங்குங்கள், மேலே அச்சடித்த நிறம் இரண்டு கோடையில் போய்விடும். பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் மலிவு, தண்ணீரைச் சுத்தமாகத் தடுக்கும். ஆனால் காற்றோட்டமில்லாத இடத்தில் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். மடக்கும் கை வைத்த வகை ஹோட்டல் முற்றத்துக்குச் சரி. வீட்டு ஜன்னலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பலத்த காற்று வருவதற்கு முன்னால் ஓடிப்போய் மடக்க வேண்டும், நனைந்ததை மடக்கினால் மட்கும். அப்புறம் குரங்கு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பச்சை வெள்ளைக் கோடு போட்ட துணி ஆனிங் ஒன்று இருந்தது. ஒரு குட்டிக் குரங்கு கூரையிலிருந்து அதன் மேல் குதித்து, எம்பி, மறுபடி கூரையில் ஏறிக் குதித்ததைப் பார்த்தேன். மறுநாள் ஆறேழு குட்டிகள். மூன்றாம் நாள் தையல் விட்டுப்போய்க் கம்பி மட்டும் நின்றது.

பாலிகார்பனேட் வெளிச்சத்தை விடும், எங்கள் பக்கத்து மூடுபனி நாட்களுக்கு அது பெரிய லாபம். புறஊதாப் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும், பாதுகாப்புத் தாளில் அச்சடித்திருப்பதைப் பார்த்து அந்தப் பக்கத்தை வானத்தைப் பார்த்து வையுங்கள். தாளை முதலில் உரித்துவிட்டு எது மேல்பக்கம் என்று முழிக்க வேண்டாம். உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட் என்றால் குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்து, மேல் வாயை அலுமினிய டேப்பாலும் கீழ் வாயைக் காற்று போகும் டேப்பாலும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் குழாய்க்குள் பச்சைப் பாசி வளர்ந்து மீன்தொட்டி மாதிரி ஆகிவிடும். துடைக்கவும் முடியாது.

வண்ணம் பூசிய தகரம் நீண்ட நாள் உழைக்கும், மழையில் சத்தம் போடும், வெளிச்சத்தை மறைக்கும். சமையலறை, குளியலறை ஜன்னலுக்கு நான் இதைத்தான் போட்டிருக்கிறேன். படுக்கையறை ஜன்னலுக்கு மேல் போட்டால் அக்டோபர் முழுக்கத் தூக்கம் போச்சு.

உள்ளே எந்த பிளைண்ட்

இரவில் தெளிந்த வானம் இருக்கும் டிசம்பர், ஜனவரி நாட்களில் ஊட்டியின் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி கொட்டும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக அறையின் சூடு போய்க்கொண்டே இருக்கும். பிளைண்ட் என்ன செய்கிறது என்றால், கண்ணாடிக்கும் அறைக்கும் நடுவில் அசையாத காற்றை ஒரு படலமாக நிறுத்துகிறது. ஓரங்களில் இடைவெளி குறைவாக இருந்தால்தான் அந்தக் காற்று நிற்கும். தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட ஹனிகோம்ப் பிளைண்ட் இதில் கெட்டி. விலைதான் கடிக்கும். ஒரு படுக்கையறைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். பிளைண்ட் அறையின் சூட்டைத் தடுப்பதால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, நம் மூச்சின் ஈரம் அதில் போய் முத்து முத்தாகப் படியும். விடியற்காலையில் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழ்க்கட்டையில் தேங்கும். பிளைண்டின் துணி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஈரத்தைக் குடித்துப் பூசணம் பூக்கும். என் 4 பிளைண்டும் போனது இப்படித்தான். துணிக்கும் கண்ணாடிக்கும் 2 இன்ச்சாவது இடைவெளி வேண்டும். காலையில் எழுந்ததும் பிளைண்டைத் தூக்கிவிட வேண்டும். கீழ்க்கட்டையை ஒரு துணியால் துடைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ரோலர் பிளைண்டில் பாலியெஸ்டர் துணி, படுக்கையறைக்கு பிளாக்அவுட், கூடத்துக்கு வெளிச்சம் விடும் சன்ஸ்கிரீன். மேற்கு ஜன்னலுக்கு சன்ஸ்கிரீன் மிகப் பொருத்தம், மலையும் தெரியும், சோபாவும் பிழைக்கும். ஜீப்ரா பிளைண்டை இப்போது எல்லாரும் போடுகிறார்கள், கெட்டதல்ல, இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவில் தூசி சேரும். சமையலறைக்குக் கிடைமட்டப் பட்டைகள் கொண்ட அலுமினிய வெனிஷியன், துடைத்தால் போதும். அசல் மரப்பட்டை வெனிஷியன் இந்த ஈரத்தில் வளையும், மரம் போலத் தெரியும் பி.வி.சி. பட்டை எடுங்கள். மடிப்பு மடிப்பாக ஏறும் பருத்தித் துணி ரோமன் பிளைண்ட் மூடுபனிக்கு எதிரே நிற்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மூங்கில் தட்டி கூரையுள்ள வராந்தாவில் மட்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை வெயிலில் காயவைக்க ஆள் இருந்தால்.

அளவெடுப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். எங்கள் பிளைண்டுகளை மாட்ட வந்தவர் என் அளவுத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜன்னல் சதுரமா இருக்கும்னு உங்களுக்கு யார் சார் சொன்னா?" பழைய வீட்டில் எந்த ஜன்னலும் சதுரமில்லை. மலைச்சரிவில் கட்டிய வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும், மரம் ஈரத்தில் உப்பியிருக்கும், பூச்சு ஒரு பக்கம் தடித்திருக்கும்.

எஃகு டேப்பால் அளவெடுங்கள், தையல் டேப் இழுபடும். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஆசாரி நூல் கணக்கில் சொல்வார், இன்ச்சுக்கு 8 நூல். 48 இன்ச் 6 நூல் என்றால் 48¾ இன்ச், அதாவது 1,238 மி.மீ. அதைக் கடையில் 48.6 என்று எழுதிக்கொண்டால் 4 மி.மீ. காணாமல் போய்விடும். நிலைக்குள் மாட்டும் பிளைண்டுக்கு 4 மி.மீ. என்பது உரசுவதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, நிலைக்குள்ளே மாட்டுவதா, நிலைக்கு மேலே சுவரில் மாட்டுவதா. உள்ளே மாட்டினால் பார்க்கக் கச்சிதம். வெளியே மாட்டினால் ஓரத்து இடைவெளி மூடப்படும், குளிருக்கு அதுதான் நல்லது, கண்ணாடியிலிருந்தும் தள்ளி நிற்கும். என் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் இப்போது வெளியேதான்.

நிலைக்குள்ளே என்றால்:

1. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதை எடுங்கள்.
2. உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில். ரோலருக்குப் பெரியதை எடுங்கள். பட்டைகள் நெடுக்காகத் தொங்கும் வெர்ட்டிகல் பிளைண்டுக்குச் சிறியது, இல்லாவிட்டால் பட்டை தரையைக் கூட்டும்.
3. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் உள்ளே மாட்டும் ஆசையை விட்டுவிட்டு வெளியே மாட்டுங்கள்.
4. ஆழம். ரோலரின் பிராக்கெட்டுக்கு 2½ முதல் 3 இன்ச் வேண்டும். ஒல்லியான வெனிஷியனுக்கு 1½ போதும். நம் ஜன்னல்களில் பெரும்பாலும் கதவு வெளியே திறக்கும், கிரில் நடுவில் இருக்கும். அதனால் ஆழத்தைக் கண்ணாடியிலிருந்து அளக்காமல் கிரிலிலிருந்து, அதுவும் அதில் துருத்தும் பூ இருந்தால் அந்தப் பூவிலிருந்து அளங்கள்.
5. கொண்டி, தாழ்ப்பாள், கைப்பிடி எவ்வளவு துருத்துகிறது என்று பாருங்கள். துருத்தினால் துணி குழாயின் முன்பக்கமாக இறங்கும்படி கேளுங்கள், ஒன்றரை இன்ச் அளவுக்குத் தள்ளி இறங்கும். கதவு உள்பக்கம் திறக்கும் ஜன்னலாக இருந்தால் நிலைக்குள் பிளைண்ட் வைக்கவே முடியாது.

நிலைக்கு மேலே என்றால் அகலத்தில் பக்கத்துக்கு 3 முதல் 4 இன்ச், மேலே 4 முதல் 6 இன்ச், கீழே 3 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஸ்விட்ச் போர்டு, அலமாரி, திரைச்சீலைக் கம்பி எதுவும் குறுக்கே வருகிறதா என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு போட்ட பிறகுதான் எங்கள் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் கடிகாரம் இருப்பதே எனக்கு உறைத்தது.

இனி எல்லாரும் விழும் குழி. நீங்கள் கொடுக்கும் அகலம் ஜன்னல் வாயின் அளவா, பிளைண்டின் முடிந்த அளவா? ஜன்னல் வாயின் அளவைக் கொடுத்தால் உள்ளே போவதற்காகப் பட்டறையில் சுமார் 10 மி.மீ. குறைப்பார்கள். நான் புத்திசாலித்தனமாக நானே 10 மி.மீ. குறைத்து எழுதினேன், அவர்கள் மறுபடி 10 குறைத்தார்கள். போதாததற்கு, ரோலரில் துணி எப்போதும் பிராக்கெட்டைவிடப் பக்கத்துக்குச் சுமார் 15 மி.மீ. குறுகல். மூன்றும் சேர்ந்து பக்கத்துக்கு ஒரு இன்ச் ஓட்டை. பிளாக்அவுட் துணி போட்டும் காலையில் இரண்டு வெளிச்சக் கம்பிகள் படுக்கையில் வந்து விழும். கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள், அளவுக்கு வெட்டிய சரக்கு. அளவுத்தாளில் ஒவ்வொரு வரியிலும் ‘ஜன்னல் வாய்’ என்றோ ‘முடிந்த அளவு’ என்றோ எழுதி, பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

மறைப்புக்கு அளவெடுப்பது இதைவிட எளிது, ஓரிரு சென்டிமீட்டர் தவறு பொறுக்கும். லின்டலின் (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கட்டை) உயரமும் அகலமும், அதற்கு மேல் கூரை விளிம்பு வரை எவ்வளவு இடம், கதவு வெளியே திறக்கும்போது அதன் மேல்மூலை எங்கே வருகிறது, இவை போதும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் மறைப்பை மாட்டிய பிறகு கதவு பாதிதான் திறக்கும்.

ஆர்டர்

சதுர அடிக் கணக்கில்தான் விலை. சிறிய ஜன்னலுக்கும் குறைந்தபட்சப் பரப்பு ஒன்று வைத்துப் பில் போடும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி இடமா வலமா என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பின்னால் சங்கிலி வந்தால் தினமும் அவஸ்தை. மோட்டார் வைப்பதாக இருந்தால், மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் இது, பேட்டரி வகையாக எடுங்கள். பத்து ரூபாய் வித்தியாசத்துக்காகப் பிளாஸ்டிக் பிராக்கெட் வாங்காதீர்கள்.

பிளைண்டை மாட்டுவது

தேவையானவை: ஹேமர் டிரில், ரசமட்டம், பென்சில், 6 மி.மீ. கான்கிரீட் பிட், அதே அளவு ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் உறை), மரத்துக்கு 3 மி.மீ. பிட்.

ஒரு பிராக்கெட்டை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததை நிலையின் விளிம்பை வைத்துக் குறிக்காமல் ரசமட்டத்தை வைத்துக் குறியுங்கள். நிலை சாய்ந்திருக்கலாம், பிளைண்ட் சாயக் கூடாது. சாய்ந்தால் துணி ஒரு பக்கமாகவே ஏறி ஏறி ஓரம் நைந்துபோகும். மரநிலையில் மாட்டுவதானால் முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள், நேராக முடுக்கினால் பழைய தேக்கும் பிளக்கும்.

சுவரில் மாட்டும்போது என்ன சுவர் என்று தெரிய வேண்டும். லின்டல் கான்கிரீட்டாக இருந்தால் கவலையில்லை, கம்பியில் இடித்தால் அரை இன்ச் நகர்த்திப் போடுங்கள். பழைய வீட்டில் கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் கலந்த சுவராக இருக்கும். டிரில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும், சிவப்புப் புழுதி கொட்டும், பிளக்கை வைத்தால் விரலாலேயே உருவலாம். அங்கே பெரிய பிளக்கைத் திணித்துப் பயனில்லை. ஜன்னல் அகலத்துக்கு ஒரு மரப்பட்டியல் எடுத்து, 3, 4 இன்ச் நீள ஸ்க்ரூவால் கல் அகப்படும் ஐந்தாறு இடங்களில் சுவரோடு இறுக்கி, பிராக்கெட்டுகளை அந்தப் பட்டியலில் மாட்டுங்கள். பெயின்ட் அடித்துவிட்டால் பட்டியல் தெரியாது. துளை போட்டதும் உள்ளிருக்கும் புழுதியை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கை வையுங்கள். ஜன்னலுக்கு மேலேயோ பக்கத்திலோ விளக்கோ ஸ்விட்ச்சோ இருந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், ஒயர் ஓடும்.

பிளைண்டை மாட்டி மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். துணி ஒரு பக்கம் ஓடினால், அது ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் குழாயின் மேல் ஒரு சிறு டேப் துண்டை ஒட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தொங்கும் சங்கிலிதான் இதில் உண்மையான ஆபத்து. கழுத்தில் மாட்டினால் நிமிடங்களில் உயிர் போய்விடும். சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் பெட்டியிலேயே இருக்கும், மாட்ட வருபவர்கள் அதைப் பொட்டலத்தோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கி இறுக்கச் சொல்லுங்கள். கிளிப் இல்லாமல் தொங்கும் வளையம் எதுவும் தரையிலிருந்து 5 அடிக்குக் கீழே வரக் கூடாது. கட்டிலையும் தொட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

மறைப்பை மாட்டுவது

பிளைண்டை நீங்களே மாட்டலாம். இதற்கு ஆள் வையுங்கள். நம் வீடுகளில் முன்பக்கம் தரையோடு இருக்கும் ஜன்னல், பின்பக்கம் சரிவில் 15 அடி உயரத்தில் இருக்கும். ஈர மண்ணில் ஏணி நிற்காது, சாரம் கட்டித்தான் ஏற வேண்டும். அதற்கு ஆகும் கூலியை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையைவிடக் காற்றைத்தான் யோசிக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தம் தரும். 5 அடிக்கு 2½ அடி மறைப்பு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது கீழிருந்து ஒருவர் 35 கிலோ விசையோடு எம்பித் தள்ளுவது போல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வெல்டிங் பட்டறையில் கீழ்நோக்கிய எடையை மட்டும் பார்த்துத் தாங்கு கம்பி வைப்பார்கள். மேல்நோக்கித் தூக்கும்போது பிடித்துக்கொள்வது போல்ட்டுதான். அதனால் பூச்சில் கடித்து நிற்கும் போல்ட் உதவாது. 10 மி.மீ. ஆங்கர் போல்ட், குறைந்தது 3 இன்ச் ஆழம், கான்கிரீட் லின்டலில். லின்டல் இல்லாத பழைய சுவரானால் சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து நட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அறைக்குள் அந்தத் தகடு தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

கம்பி வேலை எம்.எஸ். (சாதாரண இரும்பு) குழாயில் என்றால் வெல்டிங் முடிந்ததும் துரு தடுப்பு பிரைமர் இரண்டு கை, அதற்கு மேல் பெயின்ட். குழாயின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள், உள்ளே தண்ணீர் போனால் துரு உள்ளிருந்து தின்னும். போல்ட், ஸ்க்ரூ மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பாலிகார்பனேட் ஷீட் வெயிலில் நீளும், பனியில் சுருங்கும். ஸ்க்ரூவைவிட 3 மி.மீ. பெரிய துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, வாஷர் பிதுங்காத அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். இறுக்கி முடுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

கடைசியாகச் சுவரும் ஷீட்டும் சேரும் இடம். இங்கேதான் பெரும்பாலான வேலை கெட்டுப்போகிறது. ஷீட்டின் மேல்விளிம்பைச் சுவரில் ஒட்டி வைத்து மேலே சிலிக்கானைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழைக்கு ஒழுகாது. அடுத்த வருடம் சிலிக்கான் சுவரை விட்டுப் பிரிந்து, தண்ணீர் நேராக நிலைமேல் இறங்கும், மறைப்பே இல்லாததைவிட மோசம். பூச்சில் ஒரு இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரப் பட்டை ஒன்றை அதற்குள் செருகி, ஷீட்டின் மேல் மடித்துவிட்டு, காடியைக் கலவையால் அடைக்க வேண்டும். அதற்கு மேல்தான் சிலிக்கான். கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரின் மேலிருந்து ஊற்றச் சொல்லி, நீங்கள் அறைக்குள் நின்று நிலையின் மேல்கட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பணம் கொடுக்கலாம்.

மாட்டிய பிறகு

மே மாதம் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். யூகலிப்டஸ், சில்வர் ஓக் சருகு மறைப்பின் மேல் தேங்கினால் அங்கேயே மட்கி, தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீளக் குச்சித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். துணி ஆனிங் உள்ளவர்கள் மழை முடிந்த முதல் வெயிலில் அதை முழுக்க விரித்துக் காயவிட்டுத்தான் மடக்க வேண்டும்.

பிளைண்டில் சின்னதாகக் கரும்புள்ளி தெரிந்த அன்றே வெந்நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, மென்மையான துணியால் ஒற்றித் துடைத்து, இறக்கியே வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் புள்ளி அடுத்த சுற்றுக்கும் அச்சடித்தது போலப் பரவும். சங்கிலி இணைப்பும் கீழ்ப்பட்டையின் மூடியும்தான் முதலில் உடையும். வாங்கும்போதே இரண்டு செட் கூடுதலாகக் கேட்டு வாங்கி, எந்த ஜன்னலுக்கு எந்த அளவு என்று எழுதிய அந்தத் தாளோடு ஒரே கவரில் போட்டு வைத்துவிடுங்கள்.